வடகரையா, தென்கரையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழகத்தைத் தாக்கிய புயல்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2020-ஆம் ஆண்டின் புரெவிக்கு அதில் ஒரே ஒரு வரி: "பாம்பன் அருகே வலுவிழந்ததால் பெரிய பாதிப்பு இல்லை." நான் பாம்பன் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருப்பவள். அந்த வரியை என் கணவருக்குப் படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

புரெவி டிசம்பர் 2-ஆம் தேதி இரவு இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. வலு குறைந்தது உண்மைதான். ஆனால் அது நகர்ந்து போகவில்லையே! எங்கள் பக்கத்துக் கடலிலேயே மணிக்கணக்கில் நின்றது. "வலுவிழந்தது" என்று தொலைக்காட்சியில் சொன்ன பிறகுதான் எங்கள் நாட்டுப்படகின் முன்பக்கமான அணியம் பிளந்தது. பக்கத்துப் படகு ஒன்று நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து இடித்தது, விலகியது, மறுபடியும் இடித்தது. என் மகன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். கரையில் நின்று நான் கத்தியது அவன் காதில் விழவே இல்லை.

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்றுதான் தாங்கள் எப்போதும் எழுதுகிறீர்கள். தீவில் இருக்கும் எங்களுக்குக் கரை இரண்டு. புயலின் மையம் தீவுக்குத் தெற்கே போனால் வடக்கிலிருந்து வரும் வாடையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் வடகரையை அடிக்கும். வடக்கே போனால் காற்று மேற்கும் தென்மேற்குமாகத் திரும்பித் தென்கரையில் ஏறும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால், காற்று எழும்புவதற்குள் பகல் வெளிச்சத்திலேயே பாம்பன் கால்வாய் வழியாகப் படகை மறுபக்கம் கொண்டுபோய்விடலாம். அன்று தங்கள் இதழில் வந்த வரைபடத்தில் அம்புக்குறியின் தலை எங்கள் தீவின் மேலேயே இருந்தது. தீவைக் காணவில்லை.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அதன் எண்ணை மட்டும் போடுகிறீர்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒரு நாளாவது எழுதியதுண்டா? பாலத்தில் ரயில் நின்றால் யாத்திரிகர்கள் தவிப்பதைப் படத்தோடு போடுகிறீர்கள். போடுங்கள், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் அதே நாளில் பிரசவ வலியோடு இராமநாதபுரம் போக வழியில்லாமல் கிடந்த பெண்ணைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அவள் என் நாத்தனார் மகள்.

1964 புயலையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். டிசம்பர் வந்தால் கடலில் போன ரயிலையும், 46 நாட்களில் சரிசெய்யப்பட்ட பாலத்தையும் எல்லாப் பத்திரிகைகளும் நினைவுகூர்கின்றன. அந்த ரயிலில் போனவர்களுக்காக அம்மாவும் அழுதிருக்கிறார். பாலம் 46 நாட்களில் எழுந்தது; தனுஷ்கோடிக்கு ரயில் அறுபது ஆண்டுகள் கழிந்தும் திரும்பவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. அதன் பிறகு சாகும்வரை அம்மா தன் ஊரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, "அங்கிட்டு" என்று கை காட்டுவதோடு சரி. அங்கே இன்றும் கொட்டகை போட்டு மீன்பிடிக்கும் குடும்பங்கள் இருப்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை புயலின் பாதையைப் போடும்போது, மையம் பாம்பன் தீவுக்கு வடக்கே போகுமா தெற்கே போகுமா, காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பும் என்று வானிலை மையத்தைக் கேட்டு இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். முதல் நாள் காலை இதழிலேயே வரட்டும். மாலையில் தெரிந்தால் படகை நகர்த்த முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.