அந்த ஒலிப்பதிவு பற்றியும், போல்ட்டு விலை பற்றியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மார்க்கெட்டுக்கு மேலே இருக்கும் நம்ம போல்ட்டுக் கடையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அப்பா உட்கார்ந்திருந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். விலை, கடன் நோட்டு என்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது, ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அந்த ஒலிப்பதிவு வந்துவிட்டது.

கேட்காதவர்கள் இனி யாரும் பாக்கி இல்லை என்று நினைக்கிறேன், என் மச்சானுக்கே மூன்று குழுவிலிருந்து வந்திருக்கிறது. பிக்கப் ஓட்டும் அண்ணன் ஒருவர், பெயர் வேண்டாம், காய்கறி லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு தாண்டிப் எஞ்சினின் முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டு முறிந்து வண்டி நின்றுவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, அது ஆண்டவன் புண்ணியம். ஆனால் அங்கேயே ரோட்டோரம் நின்றுகொண்டு, “அந்தக் கடையில டூப்ளிகேட் போல்ட்டு விக்கிறாங்க, யாரும் வாங்காதீங்க” என்று பேசி அனுப்பிவிட்டார். விலை அதிகம் என்று திட்டுங்கள், காலையில் கடை திறக்க லேட்டாகிறது என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். டூப்ளிகேட் என்ற சொல்லை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறிந்தது நம்ம கடைப் போல்ட்டுதான். இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. மறுநாள் அந்த வண்டியின் மெக்கானிக் தம்பியே துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பத்து மி.மீ., பொடி மரை. தலையில் 10.9 என்ற எண்ணும் கம்பெனிக் குறியும் அச்சாக இருக்கின்றன. முறிந்த முகத்தில் முக்கால்வாசி வழவழப்பு, கிளிஞ்சல் ஓட்டில் இருக்குமே, அந்த மாதிரி வளைவு வளைவாகக் கோடு. மீதிக் கால்வாசிதான் உடைத்த கருப்பட்டி போலச் சொரசொரப்பு. அதாவது ஒரு ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, ஓட ஓட நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது, கடைசியில் தாங்கிக்கொண்டிருந்த கால்வாசிதான் அன்றைக்குப் பர்லியாறில் பட்டென்று போனது. மட்டமான இரும்பு சுமை தாங்காமல் போயிருந்தால் கழுத்து இழுபட்டு மெலிந்திருக்கும், முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். துண்டு இன்னும் கல்லாப் பெட்டியில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தலையில் இருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதை அளவு என்று நினைக்கிறார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுத்தால் அறும் என்று வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது, அதில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது. 10.9 என்றால் ஆயிரத்தில் அறும், தொள்ளாயிரம் வரை நீண்டு திரும்பிவிடும். 8.8 என்றால் எண்ணூறு, அறுநூற்று நாற்பது. கேட்டுக்கும் கூரைத் தகரத்துக்கும் போடும் 4.6 வெறும் நானூறு, இருநூற்று நாற்பது. இதெல்லாம் போல்ட்டை முறுக்கி இழுத்து நிறுத்தினால்தான். ஷாஃப்ட்டின் இரண்டு ஃபிளேஞ்சையும், அதாவது முனைத் தட்டையும், ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பதுதான் போல்ட்டின் வேலை, அந்தப் பிடிதான் சுமையைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் ஃபிளேஞ்சு நகரும், போல்ட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளையும். சமவெளியில் இது தெரியவே நாளாகும். நம்ம ரோட்டில் ஏறும்போது எஞ்சின் ஷாஃப்ட்டை முறுக்குகிறது, இரண்டாம் கியரில் இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, முறுக்கு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மாறி மாறி. ஒரு நடைக்கு எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஏன் தளர்ந்தது என்றால், கடைக்கு வந்த அன்றைக்கு அவர் போல்ட்டு நாலும் வாங்கினார், “நைலாக் நட்டு பழசே இருக்கு, போதும்” என்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நைலாக் என்றால் தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, மூன்று தடவை கழற்றி மாட்டிய நைலான் வளையம் எதைப் பிடிக்கும்? ஃபிளேஞ்சுக்கு வேறு புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பெயிண்ட் நசுங்கினாலே டைட் போய்விடும். இரண்டு நாள் ஓட்டிவிட்டு ஒரு தடவை முறுக்கிப் பார்த்திருந்தால் இந்த ஒலிப்பதிவே இல்லை. இதை எல்லாம் அவரிடம் நேரில் சொல்லலாம் என்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

சரி, நம்ம பக்கமும் ஒரு குறை இருக்கிறது, அது மரைத் தாத்தா இல்லாததுதான். நம்ம கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தை மாதம் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். டீ ஃபேக்டரியிலிருந்து துருப்பிடித்த போல்ட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், கண்ணாடிகூடப் போடாமல் கட்டைவிரல் நகத்தை மரை மேல் ஓட்டிவிட்டு “விட்வொர்த்து” என்பார். அது பழைய இங்கிலீஷ்காரர் மரை. அரை அங்குலத்தில் விட்வொர்த் என்றால் அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை, அமெரிக்க மரை என்றால் பதின்மூன்று. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் இறுகும், தெரியாதவர்கள் ஸ்பேனருக்குப் பைப்பு போட்டு மரையைக் கெடுப்பார்கள். பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டு எதிர் மரை என்று தெரியாமல் ஸ்டட்டையே முறித்துக்கொண்டு வந்தவர்களுக்கு, திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். இப்போது இருக்கும் தம்பி ஐடிஐ முடித்தவர், நல்ல பையன், மரையை அளக்கும் கேஜ் இல்லாமல் எதையும் தொட மாட்டார், அதனால் கொஞ்சம் நேரம் ஆகிறது. வந்த புதிதில் டப்பா மாற்றி அடுக்கியபோது 12 மி.மீ. 8.8 டப்பாவில் கொஞ்சம் 4.6 கலந்துவிட்டது, சித்திரை வைகாசியில் வாங்கியவர்கள் தலையைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம், அது வேறு விஷயம். முறிந்தது பத்து மி.மீ.

நம்ம ஜில்லாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் காகிதத்தில்தான் மடித்துக் கொடுக்கிறோம், வீட்டுக்குப் போனதும் எது எந்த போல்ட்டு என்று தெரியாமல் போகிறது. இனிமேல் மடிக்கும் காகிதத்தின் மேலேயே அளவு, மரை, கிரேடு மூன்றையும் பென்சிலால் எழுதித் தருவோம். பனியில் காகிதம் நமத்துப்போகும், டப்பாவில் போட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

நன்றி சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. ஒலிப்பதிவு வந்த அன்று ராத்திரியே, அருவங்காட்டுப் பக்கத்து ஃபிட்டர் அண்ணன் ஒருவர் அதே குழுவில், “நான் அவங்கப்பா காலத்துலேர்ந்து வாங்குறேன், போய் நேர்ல பேசு” என்று பதில் போட்டாராம். எஸ்டேட் ஆபீஸ் அக்கா ஒருவர் போன் பண்ணி, ஒன்றும் கேட்காமல் வழக்கமான ஆர்டரைச் சொன்னார். மண் சரிந்து ரோடு அடைபடும்போதெல்லாம் கோத்தகிரி சுற்றி வரும் சரக்கு மூட்டையைக் கூலி வாங்காமல் இறக்கி வைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள், நீங்கள் எல்லாரும் இருப்பதால்தான் இந்த ஷட்டர் தினமும் மேலே போகிறது.

விலை ஹைடென்சில் சரக்குக்கு, அதாவது 8.8, 10.9 மாதிரி வலுவான போல்ட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி. எப்போதும் போலத் தனி. கடன் நோட்டு ஒன்றாம் தேதியிலிருந்து மாதக் கணக்கு முடிக்கும் பட்டறைகளுக்கு மட்டும்.

எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஷாஃப்ட், சக்கரம், ஸ்டியரிங் வேலைக்கு யார் கேட்டாலும் காசில்லாமல் இரவல் தருவேன், நம்ம கடையில் போல்ட்டு வாங்காவிட்டாலும் சரி, அந்தப் பிக்கப் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். போன மாதம் 18-19 ரிங் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு போனவர் யார் என்று எனக்குத் தெரியும், நீங்களாகவே கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.