அரப்பேரு

மகன்,

போன ஞாயித்துக்கெழம ராத்திரி நீ அனுப்புன வொய்ஸ நா நாலு தடவ போட்டுக் கேட்டுட்டேன். மொத தடவ பஸ் சத்தத்துல பாதி வெளங்கல, ரெண்டாந்தடவ இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு, வந்து நின்னு கேட்டேன். "கடவுளுக்கு என்னய மாதிரி ஆளு எதுக்கும்மா, ஆறு வருஷமா சேர்ச் வாசல மிதிக்கல, இப்ப வேல போனப்பறம் போயி நின்னா அவருக்கே சிரிப்பு வரும்"னு சொன்ன பாரு, அதுக்கு போன்ல எனக்கு பதில் வரல, "சாப்டியா"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டேன். அதான் இத டைப் பண்ணுறேன், மூணு நாளா கொஞ்சங் கொஞ்சமா. எழுத்துப்பெழ இருக்கும், சிரிக்காத.

மொதல்ல தோடு விஷயம். எனக்கு கோவம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க அம்மா போட்டிருந்த தோடு அது, அடகு வைக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், நானே எடுத்துக் குடுத்திருப்பேன். கோவம் இருக்குறதால நீ என் புள்ள இல்லன்னு ஆயிருமா? கடவுள் அன்பா இருக்காருன்னா நம்ம செய்யிறதுக்கெல்லாம் தலையாட்டுறாருன்னு அர்த்தம் இல்ல, அவருக்கும் கோவம் வரும்னுதான் நா நெனைக்கிறேன், கோவத்தோட சோறும் எடுத்து வைப்பாரு.

ஊதாரி மகன் கதைய நா சொல்லப் போறதில்ல, அத பாதர் வருஷத்துக்கு ரெண்டு தடவ சொல்றாரு, ஒனக்கே பாடம். நா சொல்றது மத்தேயு 20ம் அதிகாரம், திராட்சத் தோட்டத்துக் கூலியாளுங்க. உண்மையச் சொன்னா அந்தக் கத எனக்கு ரொம்ப வருஷம் புடிக்கவே இல்ல. விடிய ஆளு எடுக்குறாரு, ஒரு பணம் கூலின்னு பேசுறாரு, அப்பறம் மூணாம் மணி, ஆறாம் மணி, ஒம்பதாம் மணி, கடேசியா பதினோராம் மணிவேளையிலயும் போயி ஆளு எடுக்குறாரு. சின்னதுல நா அத காலையில பதினோரு மணின்னு நெனச்சிட்டேன், சரி அவ்வளவு லேட் இல்லையேன்னு இருந்திச்சி. அவங்க கணக்கு விடிய ஆறு மணியில இருந்து ஆரம்பிக்கிதாம், அப்ப அது சாயங்காலம் அஞ்சு மணி! அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் முழு சம்பளம், அதுவும் அவனுக்குத்தான் மொதல்ல. நா தேயிலத் தோட்டத்துல விடிய ஆளு கணக்கெடுக்குற பெரட்டுக்கு ஆறு மணிக்கு போயி நின்ன பொம்பள, மழையில, அட்டக் கடியில, படங்குச் சாக்க இடுப்புல இறுக்கிக் கட்டிட்டு ஏறுன பொம்பள, எனக்கு வயிறு எரியாதா? அந்த முந்தி வந்த ஆளுங்க மொணங்குனாங்கன்னு இருக்குல்ல, பிரசங்கத்துல ஒக்காந்துக்கிட்டே நானும் அவங்க பக்கம்தான்.

அது மாறுனது 92ல. நீ அஞ்சு மாசப் புள்ள. ராத்திரி முழுக்க காய்ச்சல், கத்திக்கிட்டே இருந்த, விடிஞ்சதும் தூக்கிட்டு டிஸ்பென்சரிக்கு போயி மருந்து வாங்கி, ஒன்ன தோட்டத்துல புள்ளைங்கள பாத்துக்குற புள்ளக்காம்பராவுல விட்டுட்டு மலைக்கி ஏறும்போதே பத்து மணி தாண்டிருச்சி. அன்னிக்கி அந்த மலைக்கி 16 கிலோ கொழுந்து கேட்டாங்க. நெற, அதான் கேட்ட கிலோ, வரலன்னா அரப்பேருதான், அரநாள் சம்பளம், ஒனக்குத் தெரியாததா. மார்ல பால் கட்டி வலி, கையி ஓடல. சாயங்காலம் நெறக்கிற எடத்துக்கு எறங்கும்போது எம் பையில 11 கிலோ கூட இருக்காதுன்னு தோள்லயே தெரியிது.

வரிசையில எனக்கு முன்னால ஒங்க அப்பாயி, என் மாமியா. ஒனக்கு அவங்கள ஞாபகம் இருக்காது, ஆனா ஒங்க அப்பா சொல்லியிருப்பாரு, வேதக்கார, கிறிஸ்தவப் பொண்ண கட்டிக்கிட்டு வந்துட்டான்னு மூணு வருஷம் எங் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்கல. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெரதம் இருந்து பால்கொடம் எடுக்குற ஆளு. அவங்க கையி மெஷின் மாதிரி, எப்பவும் நெறைக்கு மேலதான். அன்னிக்கி அவங்க திரும்பிப் பாத்தாங்க, எம் பையப் பாத்தாங்க, ஒண்ணும் பேசல. கணக்கப்புள்ள தராசுல கொக்கிய மாட்டுறதப் பாத்துக்கிட்டே அவங்க பையில இருந்து ரெண்டு கையாலயும் அள்ளி எம் பையில போட்டாங்க. ஒரு தடவ இல்ல. அள்ளி அள்ளி அமுக்குனாங்க. அந்தக் கறபுடிச்ச வெரலு, வெடிச்ச நகக்கண்ணு, இப்பவும் கண்ணுல நிக்கிது.

அவங்க பைய தூக்கி மாட்டுனாங்க, 14 தான் வந்திச்சி. "என்ன ஆத்தா, இன்னிக்கி கொறச்சலா இருக்கு"ன்னாரு கணக்கப்புள்ள. "வயசாவுதுல்லங்கய்யா"ன்னுட்டு பக்கத்துல போயி நின்னுக்கிட்டாங்க. அவங்களுக்கு அரப்பேரு. எனக்கு 16, முழுப்பேரு. லயத்துக்கு, நம்ம வரிச வீட்டுக்கு, வார வழியில "ஏன் மாமி"ன்னு கேட்டேன், "புள்ளைக்கு பால்மா வாங்கணும்ல, வாய மூடிட்டு வா"ன்னாங்க. மறுநாள் விடிஞ்சதும் வழமபோல என்னய ஏசுனாங்க, ரொட்டி கருகிப்போச்சாம்.

அந்த வாரம் ஞாயித்துக்கெழம சேர்ச்ல ஒக்காந்திருக்கேன், முன்னால செலுவ தொங்குது, சின்னதுல இருந்து பாக்குற செலுவதான். அன்னிக்கித்தான் எனக்கு அது தராசு மாதிரி தெரிஞ்சிச்சி. ஏம் பைய நெறச்சிட்டு, அவரு கொறஞ்சு போயி அந்தப் பக்கம் நிக்கிறாரு. "அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும்"னு பவுல் கொரிந்தியருக்கு எழுதுறாருல்ல, நம்ம நிமித்தம் தரித்திரரானாருன்னு, அத நா எத்தன தடவ வாசிச்சிருக்கேன், வாசிக்கும்போது வெளங்காதது மாமி கையில வெளங்கிச்சி. சாமி கும்புடுற முற வேற, ஆளு வேற, பாதருகிட்ட இத சொன்னா என்ன சொல்லுவாரோன்னு இத்தன வருஷமா சொல்லாமலே இருக்கேன். ஆனா கடவுளோட அன்பு எப்பிடி இருக்கும்னு எனக்குக் காட்டிக் குடுத்தது வெரதம் இருக்குற அந்தப் பொம்பளதான்.

அதுக்கப்பறம்தான் அந்தக் கதைய மறுபடி வாசிச்சேன். ஒரு பணம்னா தெனாரின்னு ஒரு ரோமக் காசு, ஒரு கூலிக் குடும்பத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆவுற காசு. அஞ்சு மணிக்கு வந்தவனுக்கு மணிக்கணக்கு பாத்து பன்னெண்டுல ஒரு பங்கு குடுத்திருந்தா அது நியாயம்தான், அன்னிக்கி ராத்திரி அவன் புள்ளைங்க பட்டினி. அந்தத் தோட்டக்காரரு அவன் எத்தன மணிக்கி வந்தான்னு பாக்கல, அவன் வீட்டு அடுப்ப பாத்தாரு. இன்னொண்ணு கவனிச்சியா, ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேக்கும்போது அவங்க சொல்ற பதில், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." சோம்பேறின்னு அவரு திட்டல, நீங்களும் போங்கன்னு அனுப்பி வைக்கிறாரு. வேல போனத நெனச்சி ஒன்னயே நீ அசிங்கமா பேசிக்கிறியே, அந்த வசனத்த ஒரு தடவ எடுத்துப் பாரு.

நம்ம சனத்துக்கு பேரு ஒரு பெரிய விஷயம் மகன். 1854ல நம்ம தோட்டங்கள்ல வேதம் சொல்ல ஆரம்பிச்சப்ப அந்த மிஷனுக்கு வச்ச பேரே தமிழ் கூலி மிஷன். வெள்ளக்காரத் தொரமாருக்கு கல்லு வச்சுக் கட்டுன கோயிலு, டிக்கோயா வார்லி சேர்ச்சு 1878ல கட்டுனது, இன்னிக்கும் காசல்ரீ டேம் தண்ணியப் பாத்துக்கிட்டு அழகா நிக்கிது, வெளிய தொரமாரு கல்லறைங்க, கல்லுல பேரு வெட்டி. தேயிலைக்கி அடியில போன நம்மாளுக்கு கல்லும் கெடையாது, பேரும் கெடையாது. 1948ல இலங்கையில சட்டம் போட்டு பிரஜாவுரிமையும் இல்லன்னாங்க. 64ல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அஞ்சே கால் லச்சம் பேர இந்தியாவுக்குன்னு எழுதுனாங்க, மனுசன கேக்காம. எங்க பெரிய மாமா குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறுனதோட சரி. அதனால ஏசாயா புத்தகத்துல "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்"னு வாசிக்கும்போது எனக்கு தொண்ட அடைக்கிறது சும்மா இல்ல. எந்த ரெஜிஸ்டர்லயும் நம்ம பேரு இல்லாதப்ப அவருகிட்ட இருந்திச்சி.

நீ முந்தி ஒரு தடவ கேட்ட, மீரியபெத்த மண்சரிவப்ப, 2014ல, அன்பான கடவுள்னா லயத்தோட சனத்த மண்ணு மூடும்போது எங்க போனாருன்னு. அன்னிக்கும் எனக்கு பதில் இல்ல, இன்னிக்கும் இல்ல. லாசரு கல்லறையில இயேசு கண்ணீர் விட்டாருன்னு இருக்கு, அவ்வளவுதான் எங் கையில இருக்கு. விளக்கம் சொல்ல வாரவங்கள எனக்கு அப்ப புடிக்கல, கூட வந்து மண்ணு தோண்டுனவங்களத்தான் புடிச்சிச்சி.

நீ சேர்ச்சுக்கு போன்னு நா சொல்லல, போகணும்னு தோணுனா போ. நாம் பாவிகளாயிருக்கையில்னுதான் ரோமர்ல இருக்கு, திருந்துனப்பறம்னு இல்ல, நீ ஒழுங்கா ஆயிட்டு அவருகிட்ட போகணும்னா நானே இன்னும் போயிருக்க மாட்டேன்.

மாசக் கடேசியில லீவு நாள் வருது, பஸ்ஸு கூட்டமா இருக்கும், முந்துன நாளே ஏறிரு. தங்கச்சி புருஷன் ஒண்ணும் கேக்க மாட்டாரு, தோடு கத அவருக்குத் தெரியாது. பலாக்காய் ரெண்டு வெட்டாம வச்சிருக்கேன். வரும்போது முழங்காலுக்குத் தேய்க்க சித்தாலேப பெரிய டப்பாவா ஒண்ணு வாங்கிட்டு வா, இங்க கடையில சின்னதுதான் இருக்கு, அது ரெண்டு நாளைக்கிக் காணாது.

அம்மா