குட்டியின் பற்களும் செல்களின் பிடிமானமும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மரபணுப் பரிசோதனை அறிக்கையை இரவே படித்து முடித்துவிட்டேன். குட்டியின் பற்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாயே, அவற்றையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது: கர்ப்பமாக இருந்தபோது நீ கால்சியம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அதனால்தான் குழந்தைக்குப் பல் இப்படி முளைத்தது என்று சம்பந்தியம்மா சொன்னதை இன்றோடு மறந்துவிடு. பல் மருத்துவ மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இதே பாடத்தை நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். உன் மீது எந்தத் தவறும் இல்லை.

காரணமும் சொல்கிறேன், கேள். காய்ச்சலோ சத்துக்குறைவோ பல்லின் கெட்டியான வெளிப்பூச்சான எனாமலைக் கெடுத்தால், அந்தச் சமயத்தில் உருவாகிக்கொண்டிருந்த பகுதி மட்டும்தான் கெடும். பல்லின் குறுக்கே ஒரு கோடாகவோ பட்டையாகவோ அது தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உருவான எனாமல் நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சமயத்தில் வளர்வதால் கோடு விழும் உயரமும் பல்லுக்குப் பல் மாறும். குட்டிக்கு அப்படி இல்லை. எல்லாப் பால் பற்களிலும், நுனியிலிருந்து ஈறு வரை, எனாமல் மெலிந்து குழியும் வரியுமாக இருக்கிறது. பால் பற்களின் எனாமல் கருவின் நான்காம் மாதவாக்கில் தொடங்கி, குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வயது ஆகும்போதுதான் முடிகிறது. அவ்வளவு காலமும் ஒரே சீராகத் தொடர்ந்த குறை, விட்டுப்போன மாத்திரையால் வந்திருக்க முடியாது. அறிக்கையில் இருப்பதும் அதுதான்: எல்ஏஎம்பி3 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மாற்றம்.

'செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் புரதம்' என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எனாமலை உருவாக்குபவை அமெலோபிளாஸ்ட் எனப்படும் செல்கள். தாடைக்குள் பல் உருவாகும்போது அவை ஒரே வரிசையாக, நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றும் 4, 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமும் அதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான உயரமும் கொண்டது. ஆரம்பத்தில் இந்த வரிசை அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பின் மேல் நிற்கிறது. எதிர்ப்புறத்துச் செல்கள் எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டைன் என்ற பகுதியைப் போடத் தொடங்கியதும் அந்தச் சவ்வு கரைந்துபோகிறது. அமெலோபிளாஸ்ட்டுகள் டென்டைனுக்கு நேர்முகமாக நின்று எனாமல் புரதங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதில் பெரும்பங்கு அமெலோஜெனின். சிறு பங்காக இருக்கும் அமெலோபிளாஸ்டின் என்ற புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. செல் தான் சுரந்த எனாமலையே பிடித்துக்கொள்ள அது உதவுகிறது.

நம் ஊர் வயலில் நாற்று நடும் பெண்களைப் பார்த்திருக்கிறாய். குனிந்த வாக்கில் வரிசையாக நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். நட்ட இடத்தில் யாரும் கால் வைப்பதில்லை, வரிசையும் கலைவதில்லை. அமெலோபிளாஸ்ட்டுகளும் இப்படித்தான் எனாமலைப் போடப் போடப் பின்வாங்குகின்றன. மனிதப் பல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 4 மைக்ரான். ஒவ்வொரு செல்லின் முனையிலும் டோம்ஸ் நீட்சி என்ற கூம்பு இருக்கும். அது புதிய எனாமலுக்குள் பதிந்தபடியே இருக்க, செல் பின்னால் போகும். விட்டுவிடாமல் பிடிக்கவும் வேண்டும், பிடித்த இடத்திலேயே நின்றுவிடாமல் நகரவும் வேண்டும். எத்தனையோ முறை பாடம் நடத்தியும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு வியப்பு குறைந்ததே இல்லை.

பிடி விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. 2004-ல் அமெரிக்காவில் ஃபுகுமோட்டோ, யமாடா குழுவினர் அமெலோபிளாஸ்டின் சரியாக உருவாகாத எலிகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த எலிகளில் செல்கள் எனாமல் பரப்பிலிருந்து கழன்றுபோயின. கழன்றதோடு நிற்கவில்லை. தாம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற திசையை இழந்தன, மறுபடியும் பெருகத் தொடங்கின, ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்தன. ஒழுங்கான எனாமல் உருவாகவே இல்லை. ஒட்டியிருப்பது வெறும் நிலைப்பாட்டுக்காக அல்ல, செல் தன் வேலையைத் தொடரவே அது தேவை என்பதை அந்த ஆய்வு காட்டியது.

பள்ளி விடுமுறையில் நீ என் ஆய்வகத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாயே, அங்கே இருந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஸ்லைடு எலியின் வெட்டுப்பல். அது ஆயுள் முழுக்க வளரும் பல் என்பதால் ஒரே சீவலில் எல்லாக் கட்டமும் வரிசையாகக் கிடைக்கும். அடியில் இளம் செல்கள், அடுத்து உயரமான சுரக்கும் செல்கள், அவற்றின் முனையில் மரவேலி போலக் கூம்புகள், கூம்புகளுக்கு இடையே சாயமேறிய இளம் எனாமல். இன்னும் முன்னால் தள்ளிப் பார்த்தால் செல்கள் குட்டையாகிவிடும், எனாமல் இருந்த இடம் வெள்ளையாகக் காலியாகக் கிடக்கும். சீவலுக்காகப் பல்லை அமிலத்தில் ஊறவைக்கும்போது, முதிர்ந்த எனாமலில் கிட்டத்தட்ட எல்லாமே தாதுவாக இருப்பதால் கரைந்து மறைந்துவிடுகிறது. செல்வரிசைக்கும் எனாமலுக்கும் நடுவே சில ஸ்லைடுகளில் ஒரு விரிசலும் தெரியும். அது மெழுகில் பதிக்கும்போது திசு சுருங்கியதால் வந்தது. உயிருள்ள பல்லில் அந்த இடத்தில் இடைவெளி கிடையாது. இதை ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொல்வேன்.

அந்தக் குட்டைச் செல்கள்தான் இரண்டாம் கட்டம். எனாமல் முழுக் கனத்தை அடைந்தபோதும் மென்மையாகத்தான் இருக்கிறது. புரதத்தையும் நீரையும் வெளியேற்றி, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உள்ளே செலுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும். முடிவில் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுவாகிவிடும். இதற்காகச் செல்கள் டோம்ஸ் நீட்சியை உள்ளிழுத்துக்கொண்டு, எனாமலின் மேல் புதிதாக ஒரு அடித்தளச் சவ்வை விரிக்கின்றன. அதில் அமெலோட்டின், ஓடாம் போன்ற புரதங்களோடு லேமினின்-332 என்ற புரதமும் இருக்கிறது. ஹெமிடெஸ்மோசோம் என்ற நுண்ணிய பிடிப்பான்கள் வழியாகச் செல் அதைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பான்கள் வெளியே லேமினினையும் உள்ளே செல்லுக்கு வலுக்கொடுக்கும் கெரட்டின் இழைகளையும் இணைக்கின்றன.

லேமினின்-332 மூன்று சங்கிலிகள் முறுக்கிச் சேர்ந்த புரதம். அதில் பீட்டா3 என்ற சங்கிலியைச் செய்வதற்கான குறிப்புதான் எல்ஏஎம்பி3 மரபணு. குட்டிக்கு அந்தக் குறிப்பின் ஒரு பிரதி பாதியில் முடிந்துவிடுகிறது. செல்வரிசையின் பிடி ஆங்காங்கே தளர, அந்த இடங்களில் எனாமல் குறைந்து குழிகள் விழுகின்றன என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம். பற்கள் மஞ்சளாகத் தெரிவது அழுக்கால் அல்ல. எனாமல் மெலிந்ததால் உள்ளே இருக்கும் டென்டைனின் நிறம் தெரிகிறது. சரியாகப் பல் துலக்குவதில்லை என்று யாரும் அவளைத் திட்ட விடாதே. இதை நீ கறாராகவே சொல்ல வேண்டும்.

இணையத்தில் எல்ஏஎம்பி3 என்று தேடி, தோல் கொப்புளித்து உரியும் நோயைப் படித்துப் பயந்துவிட்டாய். அந்த நோய் வருவது இரண்டு பிரதிகளும் பழுதானால்தான். குட்டிக்கு ஒன்று முழுதாக இருக்கிறது, தோலுக்கு அது போதும். பிறந்ததிலிருந்து கொப்புளம் ஏதும் வந்ததில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பல்லுக்கு மட்டும் அந்த ஒன்று போதவில்லை.

இனி, சொல்லத் தயங்கும் விஷயம். மாப்பிள்ளைக்குக் கல்லூரிக் காலத்திலேயே எல்லாப் பற்களுக்கும் கேப் (பல்லை மூடும் உறை) போட்டிருக்கிறது. அவருடைய அப்பா பல் கூச்சத்தால் குளிர்ந்த எதையும் தொடமாட்டார். மரபணு வந்த வழி அதுவாக இருக்கலாம். மாப்பிள்ளையும் பரிசோதனை செய்துகொண்டால் உறுதியாகத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், அடுத்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு என்பதையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் இதை எடுத்துக்கொண்டு நீ அவர்கள் பக்கம் திரும்பிக் கேட்காதே. நீ பட்ட வேதனையை அவர் பட வேண்டியதில்லை. கேப் போடுவதற்கு முன் சிறுவனாக அவர் எவ்வளவு கேலியைத் தாங்கியிருப்பார் என்று நினைத்துப் பார். குட்டிக்கு அவர்தான் பெரிய துணையாக இருக்கப்போகிறார்.

உன் ஊரைப் பற்றி ஒரு செய்தி. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் அன்டோனியோ நான்சியின் குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இந்த இரண்டாம் சவ்வைத்தான். பல் முளைக்கும்போது அமெலோபிளாஸ்ட்டுகள் அழிந்துபோவதால் எனாமலைத் திரும்ப உண்டாக்க உடலால் முடியாது. ஆனால் ஈறு பல்லோடு ஒட்டும் இடத்தில் அதே லேமினின், அதே அமெலோட்டின், அதே ஓடாம் நமக்கு வயதான பிறகும் இருக்கின்றன. ஈற்று நோயைப் புரிந்துகொள்ளவும் அந்த ஆராய்ச்சி உதவுகிறது.

நிரந்தரப் பற்களும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். முன்பற்களின் எனாமல் இப்போது தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை வெளியிலிருந்து மாற்ற வழி இல்லை. முளைத்த பல்லைக் காப்பாற்ற நிறைய வழி உண்டு. குழந்தைகள் பல் மருத்துவரிடம் பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ் பற்றிக் கேள். மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஆறு வயதில் கடைவாய்ப் பல் எட்டிப் பார்த்ததுமே காட்டிவிடு, தேய்ந்த பிறகு போகாதே. அதற்கு ஸ்டீல் கேப் போடுவார்கள். முன்பற்களுக்குப் பல் நிறப் பூச்சு வைக்கலாம், பள்ளியில் வாய்விட்டுச் சிரிப்பாள். வளர்ச்சி முடிந்த பிறகு நிரந்தரமான கேப் பற்றி யோசிக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாளை எனக்குச் சொல். கேட்க வேண்டிய கேள்விகளைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். மாப்பிள்ளையின் பழைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு அதையும் படமெடுத்து அனுப்பு. குட்டியிடம் பாட்டி முத்தம் கொடுத்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா