எங்கள் ஃபார்முலா காருக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கடந்த ஜனவரியில், கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்காக நடந்த ஃபார்முலா பாரத் போட்டியில், எங்கள் மாணவர் அணியின் கார் 22 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்தைப் பழுதாகி நின்றுவிடாமல் முடித்தது. முடிவுப் பட்டியலில் கல்லூரியின் பெயரும் காரின் எண்ணும் மட்டுமே இருக்கும். அந்தப் பட்டியலில் இடம்பெறாத, ஆனால் அந்தக் கார் ஓடியதற்கு முழுக் காரணமான பலருக்கு, இந்த ஆண்டோடு படிப்பை முடித்து அணியிலிருந்து விடைபெறும் நான் அணியின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. வாசிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒரு விளக்கம் கடமையாக இருக்கிறது. போட்டி முடிந்து திரும்பியதும் பட்டறைகளில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ரேஸில் எத்தனையாவதாக வந்தீர்கள்?" என்பதுதான். இந்தப் போட்டியில் கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதில்லை. மொத்தம் 1000 மதிப்பெண்கள். அவற்றில் ஒரு பகுதி கார் நின்ற இடத்தில் நிற்கும்போதே வழங்கப்படுகிறது: வடிவமைப்பை நடுவர்களிடம் விளக்கி நியாயப்படுத்த வேண்டும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும், அந்தக் காரைத் தயாரித்து விற்கும் தொழில் திட்டம் ஒன்றையும் முன்வைக்க வேண்டும். எஞ்சிய மதிப்பெண்களுக்கு 75 மீட்டர் நேர்ப்பாதை வேக ஓட்டம், எட்டு வடிவப் பாதையில் வளையும் ஓட்டம், கூம்புகளுக்கிடையே ஒற்றைச் சுற்று, இறுதியாக அந்த நெடுந்தூர ஓட்டம் என வரிசையாக வரும். நெடுந்தூர ஓட்டத்தின் நடுவில் ஓட்டுநர் மாறுவதற்காக இன்ஜினை நிறுத்த வேண்டும். சூடேறிய இன்ஜின் பிறகு மறுபடியும் உயிர்பெற வேண்டும். அந்த இடத்தில் நின்றுபோகும் கார்கள் பல. ஆகவே "முடித்தோம்" என்று நாங்கள் சொன்னபோது எங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில் வேரூன்றிய இந்த மாணவர் போட்டி, 1998-இல் இங்கிலாந்துக்கும் 2006-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் ஓடுதளத்துக்கும் சென்று, பின்னர் நம் ஊருக்கும் வந்தது. அது வந்து சேர்ந்த ஓடுதளம் எஸ். கரிவரதனின் நினைவைத் தாங்கியது என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. மாருதி 800 காரின் இன்ஜினை வைத்து, சாதாரண வசதியுள்ள இளைஞர்களும் ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர் அவர். 1995-இல் ஒரு விமான விபத்தில் மறைந்த அவர் இன்று இருந்திருந்தால், மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்திக்கொண்டு வரும் எங்கள் கார்களைக் குனிந்து பார்த்துக் குறை சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் காரின் இன்ஜினும் அப்படிப்பட்டதுதான். 373 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் கேடிஎம் இன்ஜின் அது. விதிப்படி அது உள்ளிழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்ல வேண்டும். நூறு பக்கங்களைத் தாண்டும் விதிப்புத்தகத்தில் இப்படி எத்தனையோ கட்டுப்பாடுகள். முதலாண்டில் அணியில் சேர விண்ணப்பித்த எங்களுக்கு எழுத்துத் தேர்வாக வந்தது அந்தப் புத்தகம்தான். நேர்முகத் தேர்வில் சீனியர்கள் பழைய காரிலிருந்து கழற்றிய, சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கைகளோடு இணைக்கும் சக்கரத் தாங்கி ஒன்றைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்திலிருந்து பாரம் வருகிறது, எங்கே உலோகத்தைக் குறைக்கலாம் என்று கேட்டார்கள். சரியான விடை சொன்னவர்களைவிட, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பின்னர் நாங்களே தேர்வு நடத்தியபோதுதான் அறிந்தேன்.

அந்தச் சீனியர்களுக்கே முதல் நன்றி. இதுபோன்ற அணிக்கு இயல்பிலேயே ஒரு பலவீனம் உண்டு. நன்றாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். எதுவும் தெரியாதவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். எனவே போகிறவர்கள் போவதற்கு முன் எவ்வளவு சொல்லித் தருகிறார்களோ அவ்வளவுதான் அணி. தாங்களே செய்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் அதை ஒரு வாரம் இழுத்தடித்தபோதும் கையைக் கட்டிக்கொண்டு அருகிலேயே நின்ற பொறுமை அவர்களுக்கு இருந்தது. பிரேக் பிரிவில் எனக்கு வழிகாட்டிய அக்கா, வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகும் இரவில் வீடியோ அழைப்பில் வந்து, பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வரிசையை எங்களோடு கூடவே எண்ணிக்கொண்டிருப்பார். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் திறந்த புட்டியை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொன்னதை, இன்று நான் இரண்டாமாண்டு மாணவர்களிடம் அவருடைய கண்டிப்போடு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சீனியர்கள் போய்விடுவார்கள். போகாமல் இருப்பவர்கள் கல்லூரிக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதை நான் உணர்ந்தது கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் உள்ள லேத் பட்டறையில். எங்களுக்கு முன் பல அணிகளைப் பார்த்தவர் அதன் உரிமையாளர். அலுமினியச் சக்கரத் தாங்கியில் பேரிங் உட்காரும் துளைக்கான வரைபடத்தை நாங்கள் கொண்டுபோனபோது, அதை ஒரு முறை பார்த்துவிட்டு, சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்த பழைய வரைபடங்களுள் ஒன்றை உருவிக் காட்டினார். அதில் அவர் கைப்பட பென்சிலால் எழுதிய திருத்தம் இருந்தது. முன்பொரு கார் ஓடி முடிந்தபின், பிரேக் சூட்டில் பேரிங் தன் இடத்தில் தளர்ந்து சுழன்றிருக்கிறது. அலுமினியம் சூட்டில் விரியும் அளவு எஃகு விரிவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. மேசைமேல் இறுக்கமாக இருக்கும் பொருத்தம் ஓடுதளத்தில் இறுக்கமாக இருக்காது. இந்தக் கணக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் அணியிலேயே இது நடந்திருக்கிறது என்ற செய்தி அணியின் எந்தக் கோப்பிலும் இல்லை, அந்த ஆணியில்தான் இருந்தது. அவர் சொன்னபடி பொருத்தத்தை இறுக்கினோம். நெடுந்தூர ஓட்டம் முடிந்து கழற்றிப் பார்த்தபோது நான்கு பேரிங்குகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஐயா, கூலியில் பாதியைத் தள்ளுபடி செய்ததற்கும் நன்றி; ஆனால் அந்தப் பழைய காகிதத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்கே பெரிய நன்றி. உங்கள் ஆணியில் இருந்த வரைபடங்கள் அனைத்தையும் உங்கள் அனுமதியோடு படம் பிடித்து இப்போது அணியின் கோப்பில் சேர்த்திருக்கிறோம்.

சட்டகத்தைப் பற்ற வைத்துக் கொடுத்த வெல்டர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று அணியில் பெரிய விவாதமே நடந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் பிரதான வளையத்துக்கு நாங்கள் எடுத்தது 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எஃகுக் குழாய். மற்ற இடங்களில் அதைவிட மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு குழாயின் முனையும் மற்றக் குழாயின் வளைவின்மேல் இடைவெளியின்றி உட்காரும்படி அரைக்கப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் அரைத்துக் கொண்டுபோன முதல் கட்டுக் குழாய்களை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒளி தெரிந்தவற்றையெல்லாம் தனியே ஒதுக்கி, "இதையெல்லாம் மறுபடி அரைச்சுட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். பிறகு எல்லா மூட்டுகளையும் முதலில் சிறு புள்ளிகளாக மட்டும் பற்ற வைத்துக்கொண்டு, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று, முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று மாற்றி மாற்றிப் பற்ற வைத்தார். ஒரே பக்கமாக முடித்துக்கொண்டு போனால் உலோகம் ஆறும்போது சுருங்கிச் சட்டகத்தையே இழுத்துவிடும், சஸ்பென்ஷன் கைகள் மாட்டும் இடங்கள் விலகிவிடும், அதன்பின் சக்கரக் கோணங்களை எத்தனை முறை திருகிச் சரிசெய்தாலும் கார் நேராக ஓடாது. அந்த வரிசையை எந்தத் தாளையும் பார்க்காமல் அவர் செய்ததையும், எங்கள் கணினி ஆய்வு அதே வரிசைக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பின்னர் பரிந்துரைத்ததையும் வடிவமைப்பு நடுவர்களிடம் சொன்னோம். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகாமல், பின்புறத் தாங்கி ஒன்றைத் திருத்தித் தருவதற்காகப் பட்டறையைத் திறந்ததற்கு அண்ணனின் குடும்பத்தாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

கல்லூரிக்குள் நன்றி கூற வேண்டியவர்களுள் முதன்மையானவர் எங்கள் பணிமனை உதவியாளர் ஐயா. சாவி அவரிடம் இருந்தது என்பது மட்டும் காரணமன்று. எந்தக் கருவி எந்த மாணவர் கையில் இருக்கிறது என்பதை எழுதி வைக்காமலே அறிந்திருந்த அவர், ஒரு டார்க் ரெஞ்ச் இடம் மாறியிருந்தால்கூட அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் ஆசிரிய ஆலோசகர் வடிவமைப்பில் ஒருபோதும் தலையிட்டதில்லை. தேர்வும் போட்டியும் ஒரே மாதத்தில் வந்து நின்றபோது மட்டும் துறைத் தலைவரின் அறைக்கு எங்களுக்காக நடையாய் நடந்தார்.

மாணவியர் விடுதிக் காப்பாளர் அம்மாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய அணிகளில் மாணவியர் குறைவாக இருப்பதற்கு ஆர்வக் குறைவைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் பெரும்பகுதிக் காரணம் கடிகாரம்தான். வகுப்புகள் மாலையில் முடிகின்றன, பணிமனையின் உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது, விடுதிக் கதவு அந்த வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் மூடப்படுகிறது. ஓர் அணியில் முக்கியமான முடிவுகள் இரவு பத்து மணிக்கு, கையில் ஸ்பேனருடன் நிற்பவர்களால் எடுக்கப்படுகின்றன. அங்கே இல்லாதவர்களுக்கு மறுநாள் விளக்கப் படம் தயாரிக்கும் வேலை வந்து சேர்கிறது. அம்மா எங்களுடைய வேலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தார், பெற்றோரிடம் தாமே பேசினார், பணிமனையிலிருந்து விடுதிவரை துணைக்கு ஆள் ஏற்பாடு செய்து அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் பிரேக் பிரிவை நான் பொறுப்பேற்று நடத்தியிருக்க முடியாது. எனக்குப் பின் அப்பொறுப்பை ஏற்பவரும் ஒரு மாணவிதான்.

போட்டியில் தொழில்நுட்பச் சோதனை நடத்திய தன்னார்வலர்களுக்கும் நன்றி. அவர்கள் ஊதியம் பெற்று வந்தவர்கள் அல்லர். பலர் முன்பு இதே போட்டியில் மாணவர்களாக வந்து, இன்று தங்கள் விடுப்பைச் செலவழித்து வெயிலில் நிற்பவர்கள். ஓட்டுநர் ஐந்து நொடிகளுக்குள் காரைவிட்டு வெளியேற வேண்டும். காரை 60 பாகை சாய்க்கும்போது ஒரு சொட்டு எண்ணெயும் கசியக் கூடாது. பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும். இவற்றில் எதிலும் அவர்கள் எங்களுக்குச் சலுகை காட்டவில்லை. அதற்காகவே நன்றி. பிரேக் விளக்கு எரியவில்லை என்று காரைத் திருப்பி அனுப்பியவர், எந்த இடத்தில் மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

பழுது, பிரேக்கை மிதிக்கும்போது அந்த விளக்கை எரிய வைக்கும் அழுத்தச் சுவிட்சில் இருந்தது. எங்களிடம் மாற்றுச் சுவிட்ச் இல்லை. அடுத்த கூடாரத்தில் இருந்த வட மாநில அணி, தங்கள் காரே இன்னும் சோதனையைத் தாண்டாத நிலையில், தங்களிடம் உதிரியாக இருந்த ஒரே சுவிட்சைக் கொடுத்தது. எங்களுக்கு இந்தி சரியாக வராது, அவர்களுக்குத் தமிழ் அறவே வராது. பேச்சுவார்த்தை பெரும்பாலும் கை ஜாடையிலேயே முடிந்தது. நண்பர்களே, புதிய சுவிட்ச் ஒன்றை உங்கள் கல்லூரி முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம். கூடவே அனுப்பிய திருநெல்வேலி அல்வா பழுதாகாமல் வந்து சேர்ந்ததா என்று தெரிவிக்கவும்.

பொருளுதவி செய்த நிறுவனங்களுக்குத் தனித்தனியே கணக்கு அறிக்கையுடன் கடிதம் அனுப்பியுள்ளோம். எங்கள் பெற்றோருக்கு இங்கே எழுதினால் கூச்சப்படுவார்கள். கருகிய விரல்களையும் எண்ணெய்க் கறை போகாத சட்டைகளையும் பற்றி அதிகம் கேட்காமல் இருந்ததற்கு நன்றி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக ஓர் அழைப்பு. இந்தக் காரின் பாகங்களைக் கடைந்தவர்களும் பற்ற வைத்தவர்களும் அது ஓடுவதை இன்னும் நேரில் பார்க்கவில்லை. தேர்வுகள் முடிந்ததும் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரியின் பின்புறத் திடலில் கூம்புகளை வைத்துக் காரை ஓட்டிக் காட்ட முதல்வர் அனுமதி அளித்திருக்கிறார். குடும்பத்துடன் வாருங்கள். அடுத்த காருக்கான வரைபடங்களை இரண்டாமாண்டு மாணவர்கள் அங்கே மேசைமேல் விரித்து வைத்திருப்பார்கள்; பென்சில்களும் இருக்கும், திருத்த வேண்டியதைத் தயங்காமல் திருத்திக் கொடுங்கள்.

நன்றியுடன்,
பிரேக் பிரிவின் முன்னாள் பொறுப்பாளர்,
அணியினர் அனைவரின் சார்பில்.