ஆன்டிபாடி காட்டுவதெல்லாம் ஜிப்-1 ஆகிவிடாது

ஆசிரியருக்கு,

நரம்புச் செல்களுக்குள் நடைபெறும் சரக்குப் போக்குவரத்து குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கைனசின் என்னும் இயக்குப் புரதத்தை அது சுமந்து செல்லும் சரக்குடன் இணைக்கும் ஜிப்-1 புரதத்தின் பணி அதில் தெளிவாக விளக்கப்பட்டிருந்தது. ஆனால், அப்புரதம் நரம்பிழைகளின் (நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழைகளின்) நுனியில் குவிவதை ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பற்றி, அது இருக்குமிடத்தைக் காட்டப் பயன்படும் எதிர்ப்புப் புரதம்) நிரூபித்துவிட்டதாக ஒற்றை வரியில் சொல்லிக் கடந்திருப்பது சரியல்ல.

ஆன்டிபாடி ஒரு புரதத்தை முழுமையாக அடையாளம் காண்பதில்லை. சில அமினோ அமிலங்களாலான சிறு பகுதியை மட்டுமே பற்றுகிறது. ஜிப்-1க்கு ஜிப்-2 என்ற நெருங்கிய உறவுப் புரதம் உண்டு. அதுவும் கைனசினுடன் சேரக்கூடியது. போதாக்குறைக்கு, அமினோ அமிலங்களின் கணக்குப்படி சுமார் 77 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) எடையுள்ள ஜிப்-1, புரதங்களின் மடிப்பைக் குலைத்து, அளவுப்படி பிரித்து, ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் 110 கிலோடால்டனை ஒட்டியே தெரிவது வழக்கம். எனவே, பட்டையின் அளவை மட்டும் நம்புபவர் சரியானதை ஒதுக்கிவிட்டுத் தவறானதை ஏற்றுக்கொள்ள நேரலாம்.

ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டை) முன்கூட்டியே அதனுடன் கலந்து, சமிக்ஞை (ஆன்டிபாடி பற்றியதைக் காட்டும் பட்டை அல்லது ஒளிர்வு) மறைவதைச் சான்றாகக் காட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த ஆன்டிபாடி வேறொரு புரதத்தைப் பற்றியிருந்தாலும், பெப்டைடு அதன் பற்றுமிடத்தை அடைத்துவிட்டால் சமிக்ஞை மறையத்தான் செய்யும் என்பதால், இச்சோதனை எதையும் தீர்மானிப்பதில்லை. ஜிப்-1 மரபணு நீக்கப்பட்ட செல்களையும் இயல்பான செல்களையும் ஒரே முறையில் சோதித்து, முன்னதில் சமிக்ஞை அறவே இல்லை என்று காட்டுவதே என் கருத்தில் ஏற்கத்தக்க சான்று. வெஸ்டர்ன் பிளாட்டில் தேறிய ஆன்டிபாடி, புரதத்தின் மடிப்பு குலையாத செல்களில் தேறும் என்ற உறுதியும் இல்லையாதலால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனிச் சோதனை தேவை.

இது வீண் சந்தேகமன்று. நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை இவ்வாறு மரபணு நீக்கிய செல்களைக் கொண்டு பரிசோதித்து 2023இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு பயன்பாட்டிலாவது தோல்வியடைந்தன.

இனி இத்தகைய கட்டுரைகளில், எந்த ஆன்டிபாடி பயன்படுத்தப்பட்டது, மரபணு நீக்கிய செல்களில் அது சோதிக்கப்பட்டதா என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் கற்பிக்கும் ஒரு வாசகர்