நாக்பூரில் ஒரு கஜல் கவிஞர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே நலம். மகனுக்கு இனி நாக்பூர்தான் என்று ஆகிவிட்டதால் மராத்தியை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்தவர் சுரேஷ் பட், கஜல் என்ற ஈரடிக் கவிதை வடிவத்தில் எழுதிய மராத்திக் கவிஞர். அவரை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

1932-ல் மகாராஷ்டிரத்து அமராவதியில் பிறந்தவர். குழந்தையிலேயே போலியோ வந்து ஒரு கால் கடைசிவரை சரியாகவில்லை. முதல் தொகுப்பு 'ரூபகந்தா' 1961-ல் வந்தது. அப்புறம் ஹிருதயநாத் மங்கேஷ்கர் இசையில் லதாவும் ஆஷாவும் பாட, கவிதை படிக்காதவர்களுக்கும் இவர் வரிகள் மனப்பாடம்.

'உம்பரட்டா' படத்தில் லதா பாடிய 'சுன்யா சுன்யா' என்ற கஜலைக் கேள். வெறிச்சோடிய சபையில் உன் பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நிலாக்கால இரவுதான் என்று தோன்றுகிறது என்கிறது முதல் ஈரடி. ஓர் அடி 'காத் ஆஹே' என்று முடிகிறது, அடுத்தது 'ராத் ஆஹே'. மாறாமல் வரும் 'ஆஹே' ரதீஃப். அதற்கு முன்னால் ஒலி ஒத்து வருவது காஃபியா. பிறகு வரும் ஒவ்வொரு ஈரடியும் இந்தக் கட்டுக்குள் நின்றபடியே தனிக்கவிதையாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு கடினம் பார்!

மராத்தியில் இவருக்கு முன்பே மாதவ் ஜூலியன் கஜல் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் பேச்சு மராத்தியில் சரளமாக ஓடவிட்டவர் பட்தான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இன்னொன்றால். தொழில் ரகசியத்தைப் பூட்டிவைக்காமல், கஜலின் இலக்கணத்தை 'கஜலேச்சி பாராகடி' என்று அரிச்சுவடியாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பின் இத்தனை பேர் மராத்தியில் கஜல் எழுதுகிறார்கள் என்றால் அந்தத் தாராள மனசுக்குப் பெரிய பங்கு உண்டு.

காதல் மட்டும் பாடியவரும் இல்லை. 'சிம்ஹாசன்' படத்தில் வரும் அவருடைய பாட்டு, விடியப்போகும் நேரத்தில் காரிருள் சூழ்ந்துவிட்டது, வாழ்வின் தீப்பந்தங்களை மறுபடி ஏற்றுங்கள் என்கிறது. 1983-ல் வந்த தொகுப்பின் பெயரே 'எல்கார்', போர்முழக்கம். கடைசிக் காலத்தில் பௌத்தம் தழுவினார். அம்பேத்கர் 1956-ல் பௌத்தம் தழுவிய இதே நாக்பூரில்தான் 2003-ல் காலமானார். இங்கே ரேஷிம்பாக் பகுதியில் அவர் பெயரில் பெரிய அரங்கம் இருக்கிறது.

நீ வெண்பா எழுதுகிறவன். ரதீஃப், காஃபியா வைத்துத் தமிழில் நாலைந்து ஈரடி எழுதி அனுப்பேன். 'சுன்யா சுன்யா' முழுவதையும் வரிக்கு வரி அர்த்தத்தோடு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்