பொறுப்பைக் கொடுக்கும் முன் பயிற்சியைக் கொடுங்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம். பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், கூடவே மாணவர் நலப் பொறுப்பையும் பார்க்கிறேன். எங்கள் கல்லூரிக்கு மட்டும் இதை எழுதவில்லை. பக்கத்துக் கல்லூரிகளில் இதே வேலை பார்க்கும் நண்பர்களிடம் பேசினால் எல்லோருக்கும் ஒரே கதைதான்.

போன வாரம் நடந்த இணையவழிப் பயிற்சிதான் இதை எழுத வைத்தது. அதற்கான பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை, சர்க்குலரில் கையெழுத்துப் போட்டவர்களே நீங்கள்தான். கல்வி நிறுவனங்களில் படிக்கும் மாணவர்களின் மனநலம் குறித்து 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த 15 வழிகாட்டு நெறிகளில் ஒன்று, ஆசிரியர்கள் மட்டுமில்லாமல் அலுவலகப் பணியாளர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது, அதற்கான தகுதி பெற்ற மனநல வல்லுநர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. உளவியல் முதலுதவி, அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்வது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் முறை, யாரிடம் அனுப்பி வைப்பது என்று பாடத்திட்டத்தையே சொல்லியிருக்கிறது. படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

வந்தது ஒரு ஜூம் இணைப்பு. பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒன்று. வகுப்பு நேரத்தில் நடந்ததால் பாதிப் பேர் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். சாட்டில் 'குட் மார்னிங் ஆல்' வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. பேசவந்த மருத்துவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். அவருக்குக் கொடுத்த நேரத்தில் வரவேற்புரையும் சிறப்பு விருந்தினர் அறிமுகமும் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிட்டன. அபாய அறிகுறிகள் பற்றிய ஸ்லைடு வந்தபோது, "நேரமில்லை, பிபிடி அனுப்பி வைக்கிறேன்" என்று நகர்ந்துவிட்டார். அந்த நேரத்தில் ஓர் ஆசிரியை சாட்டில் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு பிள்ளை நம்மிடம் வந்து, யாரிடமும் சொல்லாதீங்க மேம் என்றால் என்ன பதில் சொல்ல வேண்டும், சார்?"

கேள்விக்குக் கீழே கருத்துப் படிவத்தின் இணைப்பு வந்து விழுந்தது. அதற்குக் கீழே 'தேங்க்யூ சார்' மழை. கேள்வி மேலே போய் மறைந்தே போனது. சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே 'கலந்துகொண்ட' எனக்கும் சேர்த்து.

ஐயா, அம்மா, அந்த ஒரு கேள்விதான் எங்கள் வேலை. மற்றதெல்லாம் பதிவேடு.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கல்லூரி விட்ட பிறகு ஓர் இரண்டாமாண்டு மாணவி அறை வாசலில் வந்து நிற்கிறாள். அட்டெண்டன்ஸ் குறைந்திருக்கிறது, காண்டனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம்) கட்ட வேண்டும் என்று ஆரம்பிக்கிறாள். அது காரணமில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உள்ளே வரச் சொன்னால் நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஊரைப் பற்றி, பேருந்து நேரத்தைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "வீட்டுக்குச் சொல்லிடாதீங்க மேம்" என்கிறாள். இன்னும் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே வாக்குறுதி கேட்கிறாள். 'சொல்ல மாட்டேன்' என்று நான் சொல்லி, அவள் சொல்லப்போவது உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்துவிட்டால்? 'அப்படி வாக்குக் கொடுக்க முடியாதும்மா' என்றால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அப்புறம் எந்த வாசலிலும் போய் நிற்க மாட்டாள். முடிவெடுக்க எனக்கு இருப்பது ஒரு மூச்சு நேரம்.

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. இந்தத் துறையில் பயின்றவர்கள் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: "நீ சொல்வதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் உன் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால், உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எங்களில் பலர் இன்னும் அதைக் கேட்கவே பயப்படுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்று மூன்றே படிகளில் இதைச் சொல்லித் தருகிறது. மனநல உதவிக்கு டெலி மனஸ் எண் 14416 இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வரியை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே, பதறாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் இல்லாமல் சொல்ல வேண்டும் என்றால் முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். ஒருவர் மாணவியாகவும் இன்னொருவர் ஆசிரியராகவும் உட்கார்ந்து, தடுமாறி, பக்கத்தில் இருப்பவர் திருத்த, மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் இருபது பேர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் நடக்கும். நூற்றுக்கணக்கானோர் மியூட்டில் இருக்கும் ஜூமில் நடக்காது.

அதனால்தான் கேட்கிறேன்: பொறுப்பைக் கொடுக்கும் முன் பயிற்சியைக் கொடுங்கள்.

இந்தப் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. யார் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தாரோ அவர் தலையில் ராகிங் தடுப்புக் குழு, மென்டார் (மாணவர் வழிகாட்டி) கோப்பு, குறைதீர்ப்புக் குழு, நுண்கலை மன்றம் எல்லாம் வந்து இறங்கும். நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் பார்த்து எடுத்தவரை, அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இந்த நாற்காலியில் உட்கார வைக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், பதவி உயர்வு மதிப்பீட்டுக்கு மாணவர் சார்ந்த பணிகளும் கணக்கில் வருகின்றன. மூன்று பணிகளிலாவது ஈடுபட்டிருந்தால் 'நன்று', ஒன்றோ இரண்டோ என்றால் 'திருப்திகரம்'. எத்தனை என்று எண்ணுவார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நாங்களும் எண்ணிக்கை காட்டக் கற்றுக்கொண்டுவிட்டோம், அதில் எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவே இல்லை!

வெளிநாட்டுக் கதை சொல்ல எனக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மாணவரைப் பாடத்தோடு நிறுத்தாமல் முழு ஆளாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்விக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது 1937-இல். அங்கே இந்த வேலைக்கென்று முதுகலைப் படிப்பு இருக்கிறது. இதைச் செய்பவர்களுக்கு என்னென்ன திறன் வேண்டும் என்று அங்குள்ள இரண்டு தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து பத்துத் தலைப்புகளில் வரையறுத்து வைத்திருக்கின்றன. அப்படியே காப்பியடியுங்கள் என்று சொல்லவில்லை. இது ஒரு தொழில், இதற்கும் படிப்பு உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்ளலாமே.

இது பாதிதான். மீதிப் பாதி மாணவர்கள்.

மாணவர் குறைதீர்ப்பு பற்றிய மானியக் குழுவின் 2023 விதிகள் உங்கள் மேசையில் இருக்கும். குறைதீர்ப்புக் குழுவில் ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள், ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். மூன்று பேர் இருந்தால் கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை) சரி, ஆனால் அந்த மூன்றில் மாணவரைச் சேர்க்கக் கூடாது. மாணவர் குறையை விசாரிக்கும் கூட்டம் மாணவரே இல்லாமல் முறைப்படி நடந்து முடியலாம். அந்த ஒருவரையும் படிப்பு, விளையாட்டு, கலை என்று ஏதாவதொன்றில் சிறந்தவராகப் பார்த்து நீங்களே நியமிக்கிறீர்கள். நடைமுறையில் யார் வருகிறார்? எந்த ஆசிரியரையும் எதிர்த்துப் பேசாத, முதல் மதிப்பெண் வாங்குகிற, குறை என்று ஒன்று தனக்கு இருப்பதாகவே காட்டிக்கொள்ளாத பிள்ளை.

அப்படி வந்த ஒரு மாணவியைக் கூட்டத்தில் பார்த்தேன். காலையில்தான் வாட்ஸ்அப்பில் தகவல் வந்ததாம், வகுப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். அஜெண்டா அவள் கையில் இல்லை. கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. விடுதியில் இரவு நேரத் தண்ணீர் பிரச்சினை பற்றிய புகார் அது. அவளும் அதே விடுதியில்தான் இருக்கிறாள். "நீ என்னம்மா சொல்றே?" என்று ஒருவர் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். விடுதிக் காப்பாளர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள். மினிட்ஸில் 'மாணவர் பிரதிநிதியின் கருத்தும் கேட்கப்பட்டது' என்று ஏறியது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நாம் யாரும் பொய் சொல்லவில்லை. கருத்துக் கேட்கப்பட்டதுதான்.

அவளுக்குக் கோப்பைப் படிக்கச் சொல்லித் தந்தது யார்? விடுதித் தோழிகளிடம் பேசி, எத்தனை நாள், எந்த மாடி என்று குறித்துக்கொண்டு வா என்று யாராவது சொன்னார்களா? புகார் வந்து 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதும், திருப்தி இல்லையென்றால் மாணவர் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அவளுக்குத் தெரியுமா? இதெல்லாம் சொல்லித் தராமல் அவளை உட்கார வைத்துவிட்டு 'மாணவர் பங்கேற்பு' என்று பேனர் அடிக்கிறோம். கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய நாக் குழு வரும்போது காட்ட, இடம் பதிந்த ஜியோடேக் புகைப்படமும் தயார்.

மாணவர் தேர்தல் பற்றிப் பேசினால் உங்களுக்குக் கோபம் வரும். இருந்தாலும் நினைவூட்டுகிறேன். மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழு 2006-இல் அறிக்கை தந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தேர்தல் நடத்த முடியாத சூழல் உள்ள இடங்களுக்கு நியமன முறையை அந்தக் குழு இடைக்கால ஏற்பாடாகத்தான் சொன்னது. நம்முடைய இடைக்காலம் கொஞ்சம் நீளமாகிவிட்டது. 18 வயதில் ஓட்டுப் போட்டு நாட்டுக்கு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம், வகுப்புப் பிரதிநிதியை மட்டும் துறைத்தலைவர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். வாக்காளர் விழிப்புணர்வுப் பேரணிக்குப் பதாகை பிடிக்கவும் அதே பிள்ளைகளைத்தான் வெயிலில் நிறுத்துகிறோம். சரி, தேர்தலை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன். கேட்க வந்தது வேறு.

தகுதி பெற்ற ஆலோசகர் பற்றியும் ஒரு வார்த்தை. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற நிறுவனத்தில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று அதே ஜூலை தீர்ப்பு சொல்கிறது. பெயர்ப்பலகை மாட்டிய அறை பல கல்லூரிகளில் வந்துவிட்டது. உள்ளே உட்கார ஆள் வந்த கல்லூரி எது என்று சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஆலோசகர் வந்தாலும் எங்கள் வேலை தீராது. பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது தங்களுக்குத் தெரிந்த முகத்திடம்தான். அங்கிருந்து ஆலோசகரிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்க நாங்கள் பழகியிருக்க வேண்டும்.

ஆக, பணிவோடு கேட்பது இதுதான். மாணவர் நலப் பொறுப்பு, விடுதிப் பொறுப்பு, மென்டார் பொறுப்பு எதைக் கொடுத்தாலும் அதைக் கொடுக்கும் முன் நேரடிப் பயிற்சி கொடுங்கள். சிறு குழுவாக, வேலை நேரத்தில், அன்றைக்கு வகுப்பு இல்லாமல், ஆன்-டியூட்டி போட்டு. விடுதிக் காப்பாளரையும் அலுவலக எழுத்தரையும் விட்டுவிடாதீர்கள். கட்டணம் கட்ட முடியாமல் வரும் பிள்ளை முதலில் பார்ப்பது அவர்கள் ஜன்னலைத்தான். மாணவர் பிரதிநிதிகளையும் அந்த அறையிலேயே எங்களோடு உட்கார வையுங்கள். விதிகளை அவர்களும் படிக்கட்டும், கேள்வி கேட்டுப் பழகட்டும், எங்களிடமே கேட்டுப் பழகட்டும். குறைதீர்ப்புக் கூட்டத்தின் அஜெண்டா இரண்டு நாள் முன்னதாகவே அவர்கள் கைக்குப் போகட்டும். கோரத்தை மாற்ற உங்களால் முடியாது, தெரியும். மாணவர் வராத நாளில் கூட்டத்தைத் தள்ளிவைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை.

பணம் இல்லை என்பீர்கள். ஆண்டு விழா மேடை அலங்காரச் செலவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ, பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணித் துறையையோ அணுகினால் பெரிய செலவில்லாமல் தொடங்கலாம். பேசிப் பார்க்கும் வேலையை நானே செய்கிறேன்.

இந்த ஆண்டின் இரண்டாவது பயிற்சி இன்னும் பாக்கி இருக்கிறது. அதையாவது நேரடியாக நடத்தும்படி தயவுசெய்து உத்தரவிடுங்கள். செமஸ்டர் தொடங்கும் முன்பே தேதியைச் சொல்லிவிட்டால் டைம்டேபிளை நாங்களே மாற்றிப் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் நலப் பொறுப்பாசிரியர் ஒருவர்